பத்து விநாடிப் பரிகாரம்

ஆரத்தித் தட்டைக் கமலவேணி பிடுங்கினாள் என்று சொன்னால் அது பாவம். கவிப்ரியாவின் கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்து, தூங்குகிற குழந்தையை வாங்குவதுபோலப் பதமாகத்தான் வாங்கினாள். வாங்கியபிறகு, "நீ உள்ள போய் அம்மாகூட உக்காரும்மா. வேணாம்னு சொல்றாங்க" என்றாள்.

சிங்கப்பூர் கிளமெண்டியில் பத்தாவது மாடி வீடு. வாசலில் இடம் போதாமல் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரின் கதவுவரைக்கும் செருப்புகள் போயிருந்தன. கமலவேணியின் மகள் ரோஷினிக்கு அன்று நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கீழே லிஃப்டுக்குக் காத்திருப்பதாகப் போன் வந்துவிட்டது. கமலவேணியின் காலமான தம்பி ரஞ்சனின் மகள்தான் கவிப்ரியா. இருபத்திரண்டு வயது, கல்யாணமாகாதவள், ரோஷினிக்குத் தொடக்கப்பள்ளிக் காலத்திலிருந்தே தோழி. ஆரத்தி எடுக்க அவளைவிடப் பொருத்தமான ஆள் அந்த வீட்டில் இல்லை. அதாவது, போன புதன்கிழமை இரவு எட்டரை மணிவரைக்கும் இல்லை.

"யாரு அத்தை வேணாங்கறாங்க?"

"சம்பந்தியம்மாதான். காலையில போன் பண்ணாங்க. புதன்கிழமை எபிசோட் பார்த்தாங்களாம்."

அந்தப் புதன்கிழமை, தமிழ்ச் சேனலின் தொடர்நாடகத்தில், கவிப்ரியாவுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் வாய்த்த கணவன் செத்துப்போனான். பொட்டு அழிந்தது, தாலி கழன்றது, எல்லாம் குளோசப்பில். சம்பந்தியம்மா ஒரு டப்பா டிஷ்யூவைத் தீர்த்து அழுதிருக்கிறார். மனசு ஆறாமல் மறுநாள் போனில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தும் அழுதிருக்கிறார். அழுது முடித்து மூக்கைத் துடைத்தபிறகுதான், இந்தப் பெண் நமக்கு வரப்போகும் மருமகளின் மாமா மகளாயிற்றே என்று அவருக்கு உறைத்தது. தாலியறுத்த முகத்தில் விழித்துவிட்டா உள்ளே நுழைவது என்று காலை ஏழு மணிக்கே போனைப் போட்டுவிட்டார்.

கவிப்ரியா உள்ளே போனாள். படுக்கையறையில், விருந்தாளிகளின் கைப்பைகளுக்கு நடுவே அவள் அம்மா பாக்கியலட்சுமி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பாக்கியத்துக்கு இது பழகிய இடம். ரஞ்சன் மாரடைப்பில் போனதிலிருந்து ஒன்பது வருஷமாக இந்த வீட்டின் எந்த நல்ல காரியத்துக்கும் அவள் முதல் ஆளாக வருவாள், வெங்காயம் உரிப்பாள், கேசரி கிண்டுவாள், நேரம் நெருங்கியதும் யாரும் சொல்லாமலே இந்த அறைக்குள் வந்து கதவை ஒருக்களித்துக்கொள்வாள். மகளின் முகத்தையும் வெறுங்கையையும் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ சிரிப்பு.

"வா, வா. ஒம்போது வருஷமா பேச்சுத் துணைக்கு ஆளில்லாம உக்காந்திருந்தேன்" என்றாள்.

அதற்குமேல் இரண்டு பேராலும் அடக்க முடியவில்லை. நிஜத் தாலியை இழந்தவளும் நாடகக் கம்பெனியின் மஞ்சள் கயிற்றை இழந்தவளும் ஒரே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள். கமலவேணி கதவைத் தட்டி, சத்தம் வெளியே கேட்கிறது என்று கெஞ்சிவிட்டுப் போனாள். சிரிப்பின் நடுவிலேயே பெண் அழ ஆரம்பித்துவிட்டதைப் பாக்கியம் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

"எனக்கு ஒரு எபிசோட்தான்மா. உங்களுக்கு ஒம்போது வருஷம்" என்றாள் கவிப்ரியா. "ரோஷினி கல்யாணத்துல நீங்க இப்படி உள்ள உக்கார மாட்டீங்க. எல்லார் முன்னாடியும் தாலியைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுவீங்க. பாருங்க."

பாக்கியம் அவள் வாயைப் பொத்தினாள். நாத்தனாரோடு முறைத்துக்கொள்ள அவளால் முடியாது. ரஞ்சன் போனபிறகு பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டு அவள் காலை ஷிஃப்டும் மாலை ஷிஃப்டுமாக அலைந்த வருஷங்களில் கவிப்ரியாவுக்குச் சோறு போட்டவள், தலை பின்னியவள், பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தவள் இந்தக் கமலவேணிதான். அவளிடம் போய் எனக்கும் ஓர் இடம் கொடு என்று எந்த வாயால் கேட்பது? ஆனால் அந்த ஆசை மகளின் வாயால் ஒரு தடவை வெளியே வந்துவிட்டது. மறுபடி அதை உள்ளே தள்ளிப் பூட்டப் பாக்கியத்தால் முடியவில்லை.

இதில் வேடிக்கையை யாராவது கவனித்தார்களா என்று தெரியவில்லை. எதிரே வந்தால் ஆகாது என்று ஒதுக்கப்பட்ட இந்த அம்மாள்தான் தினமும் இரண்டடுக்குப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு சிங்கப்பூரின் பாதிப் பேருக்கு எதிரே வருகிறாள். பரீட்சைக்குப் போகிறவர்கள், வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்கு நாள் குறித்த கர்ப்பிணிகள், பூக்கூடையோடு தேக்கா சந்தையில் ஏறும் கல்யாண வீட்டுக்காரர்கள், எல்லாரும் அவள் முகத்தில் விழித்து பயண அட்டையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் ஒன்றும் ஆனதில்லை. தமிழருக்கும் ஆனதில்லை. கமலவேணிகூட மழைநாளில் அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள், சௌகரியமாக இருந்தது என்று சொல்லியும் இருக்கிறாள்.

கவிப்ரியா நடிகையானதற்கும் அந்தப் பஸ்தான் காரணம் என்று பேட்டிகளில் சொல்வாள். அது முழு உண்மையில்லை. அப்பா இருந்த காலத்திலேயே, ஆறு வயதில், சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்று ரயில் நிலைய அறிவிப்பை நாலு மொழியிலும் சொல்லி, கதவு மூடும் சத்தத்தையும் வாயாலேயே கொடுப்பாள். ரஞ்சன் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, கதவு மூடுவதற்குள் உள்ளே குதிப்பதுபோல் குதிப்பார். அவர் போனபிறகு, பள்ளி விடுமுறை நாட்களில் அம்மாவின் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்றியதில் அந்தப் பழக்கம் முற்றிவிட்டது. போனில் சண்டைபோடும் மாமி, தூங்கித் தூங்கிக் கண்ணாடியில் முட்டும் ஆபீஸ்காரர், இறங்க வேண்டிய இடம் தாண்டியும் தெரியாததுபோல் பாவனை செய்யும் காதலர்கள் என்று அத்தனை பேரும் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பாக்கியத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

ஆனால் வீட்டில் கிடைத்த கைத்தட்டு வெளியே கிடைக்கவில்லை. பெண் கறுப்பு. நல்ல கறுப்பு. பாலிடெக்னிக் படிக்கும்போது ஆடிஷன் ஆடிஷனாக ஏறி இறங்கினாள். முக லட்சணம் பிரமாதம், லைட்டிங்தான் கஷ்டம் என்று எல்லாரும் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள். முதல் வேடம் ஒரு குற்ற விசாரணை நிகழ்ச்சியில் பிணம். வெள்ளைத் துணியை விலக்கும் நேரம் பார்த்துப் பிணம் தும்மிவிட்டது. அடுத்தது டாக்டர் வருகிறார் என்று சொல்லும் நர்ஸ். அதற்கப்புறம் வரிசையாக மூன்று நாடகங்களில் வேலைக்காரி. கடைசியில், அதீஃப் என்கிற இளைய இயக்குநரின் தொடரிலும் கதாநாயகியின் வீட்டில் காப்பி கொடுக்கும் வேடம்தான் கிடைத்தது.

அந்தத் தொடரில் கதாநாயகியின் அக்கா விதவையாக வேண்டும். அக்காவாக நடிக்க வந்த பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பொட்டை அழிக்கக் கூடாது என்று அவள் வருங்கால மாமியார் சொல்லிவிட்டார். இரண்டாவதாக வந்தவளின் அம்மா ஜோசியரைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். மூன்றாமவள் நடிக்கிறேன் என்றாள், ஆனால் விதவையான பிறகும் பொட்டு வைத்துக்கொண்டுதான் வருவேன் என்றாள். அதீஃப் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்போது காப்பித் தட்டோடு எதிரே நின்றவள் கவிப்ரியா. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல் என்றான். அவள் அன்றிரவு கேட்டாள். நான் ஒத்திகை பார்க்காமலே ஏற்ற வேஷம், உனக்கு எழுதிவேறு தருகிறார்களே, தாராளமாகச் செய் என்றாள் பாக்கியம்.

எழுதியிருந்த காட்சி வழக்கமானது. பெண்கள் சூழ்ந்து பிடித்துக்கொள்வார்கள், வளையலை உடைப்பார்கள், அவள் கதறி விழ வேண்டும். கவிப்ரியா அப்படியே ஒருமுறை கதறினாள். அதீஃப் ஓகே சொல்லிவிட்டான். இன்னொரு டேக் வேண்டும் என்று அவளே கேட்டாள். இந்தத் தடவை பெண்கள் நெருங்கும்போது கையைக் காட்டி நிறுத்தினாள். எழுந்து குளியலறைக்குப் போனாள். மணிக்கட்டில் சோப்பைத் தடவி, வளையல்களை ஒவ்வொன்றாக வழுக்கி எடுத்து, கழுவி, துண்டில் ஈரம் ஒற்றி, கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். யாரும் உடைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். காமெரா அவள் பின்னாலேயே போய்வந்திருந்தது. ஒளிபரப்பானது அந்த டேக்தான்.

பாக்கியம் அந்த எபிசோடைப் பார்த்தது பஸ் முனையத்தின் ஓய்வறையில். பக்கத்தில் ருக்கையா, மலாய்க்காரி, அவளும் பஸ் ஓட்டுகிறவள். தமிழ் தெரியாது. அடியில் ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டே தேம்பினாள். பாக்கியம் எழுந்து வெளியே போய்விட்டாள். ரஞ்சன் இறந்த பதினாறாம் நாள் அவள் செய்தது அதுதான். அதே சோப்பு, அதே துண்டு, அதே வார்த்தை. கதவிடுக்கில் பதின்மூன்று வயதுப் பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தது ஒன்பது வருஷமாக அவளுக்குத் தெரியாது. வெளியே நின்ற பஸ்ஸின் படியில் உட்கார்ந்து, தன்னை ஒருத்தி பார்த்திருக்கிறாள் என்கிற சந்தோஷத்தில் அவள் நன்றாக அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

அந்தக் காட்சியை யாரோ வெட்டி இணையத்தில் போட்டார்கள். அது ஜொகூர் பாலத்தைத் தாண்டி மலேசியா போனது, யாழ்ப்பாணம் போனது, டொராண்டோ போனது, சென்னைக்குப் போனது. நிச்சயதார்த்தத்தில் ஆரத்தித் தட்டை இழந்த பெண்ணைத் தேக்காவில் கூட்டம் மொய்த்தது. மீன்கடையில் செதிலோடு கை கொடுத்தார்கள். பூக்கடை அம்மாள் மல்லிகைச் சரத்தை அவள் தலையில் தானே வைத்து, நாடகம்தான் என்றாலும் மனசு கேட்கவில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சென்னையிலிருந்து கபிலன் என்கிற இயக்குநர் போன் செய்தார். சினிமாவில் கதாநாயகி வேடம் தருகிறேன் என்று தெரியாத எண்ணிலிருந்து ஒருவர் சொன்னால் சிங்கப்பூர்ப் பெண் என்ன செய்வாள்? மோசடிக் கும்பல் என்று எண்ணை முடக்கினாள். வேறு எண்ணிலிருந்து வந்தார், அதையும் முடக்கினாள். மூன்றாவது தடவை பாக்கியமே போனை வாங்கி, போலீசில் சொல்வேன் என்று ஆங்கிலத்தில் மிரட்டினாள். அந்த மனிதர் பெரிய மனசு பண்ணி அதீஃப் மூலமாக ஆள் அனுப்பியிராவிட்டால் தமிழ்ச் சினிமாவுக்கு ஒரு நடிகை நஷ்டமாகியிருப்பாள்.

கதை, புருஷனை இழந்த பெண் லாரி ஓட்டக் கற்றுக்கொள்வது. ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பது, எட்டு மணி நேரம் உட்கார்ந்தபின் இடுப்பில் எங்கே கை வைப்பது என்று பாக்கியம் வீடியோ காலில் பாடம் எடுத்தாள். அங்கேயும் பொட்டழிக்கும் காட்சி வந்தது. அன்று மாலை கவிப்ரியா அனுப்பிய குரல்பதிவில் பாதி சிரிப்புதான் இருந்தது.

"அம்மா, கேளுங்களேன். இதுக்குப் பரிகாரம் இருக்காம் லா. ஷாட் முடிஞ்ச உடனே பூசணிக்காய் உடைச்சாங்க. நெத்தில குங்குமம் வச்சு, தலையில பூ வச்சு, காமெராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னாங்க. பத்து செகண்ட். அதுல எல்லா தோஷமும் போயிருமாம்."

பாக்கியமும் சிரித்தாள். பதிவை இரண்டாம் தடவை போட்டுக் கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது சிரிப்பு வரவில்லை. பத்து விநாடியில் கழிகிற ஒன்றுக்காகவா இத்தனை வருஷம் கைப்பைகளோடு உட்கார்ந்திருந்தோம் என்று அவளுக்கு முதல் தடவையாக ஆத்திரம் வந்தது. கொஞ்சநஞ்சமில்லை, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீ அணைந்தபிறகுதான் அவளுக்குச் சுற்றுமுற்றும் கண் தெரிந்தது.

படம் வெளியாகி இரண்டாம் வாரம் சிங்கப்பூரில் கூடுதல் காட்சிகள் போட்டார்கள். கறுப்புத்தோல் இப்போது கம்பீரமாகிவிட்டது. லைட்டிங் கஷ்டம் என்றவர்கள் நாங்கள் அப்போதே சொன்னோம் என்றார்கள். தேக்காவில் ஒரு நகைக்கடை, கல்யாண நகைகளுக்குக் கவிப்ரியாவையே விளம்பர முகமாக வைத்தது. தாலிக்கொடியும் நெற்றிச்சுட்டியுமாகச் சிரிக்கும் அவள் படத்தைப் பஸ்ஸின் பக்கவாட்டில் நீளமாக ஒட்டினார்கள். ஒருநாள் பாக்கியத்துக்கு அந்தப் பஸ்ஸே முறையில் வந்தது. மகளை வெளியில் ஒட்டிக்கொண்டு, தாய் உள்ளே உட்கார்ந்து, தீவை ஆறு தடவை சுற்றி வந்தாள். அன்று ஒரு சிவப்பு விளக்குகூட அவளுக்கு எரிச்சலாக இல்லை.

இதற்கிடையில் ரோஷினியின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிருந்தது. அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள், சாவி கிடைத்தபிறகுதான் முகூர்த்தம் என்று ஏற்பாடு. சாவி வர இரண்டு வருஷமானது. சாவி வந்தபோது பெண்வீட்டில் ஒரு சினிமா நட்சத்திரம் இருந்தாள். சம்பந்தியம்மா இப்போதும் காலை ஏழு மணிக்கே போன் செய்தார். இப்போது கேட்டது வேறு. மாங்கல்யத் தட்டைச் சபையில் ஆசீர்வாதத்துக்குக் கவிப்ரியாதான் கொண்டுவர வேண்டுமாம், அவர்கள் பக்கத்து உறவெல்லாம் அதற்காகவே வருகிறார்களாம்.

கமலவேணி தேங்காய்ப்பூப் போட்ட கேக்கோடு பாக்கியம் வீட்டுக்கு வந்தாள். கவிப்ரியாவும் அப்போது சென்னையிலிருந்து வந்திருந்தாள். அந்தத் தோஷம் என்ன ஆயிற்று அத்தை என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். கமலவேணிக்கு முகம் சிவந்தது, ஆனாலும் பதில் தயாராக இருந்தது.

"அதான் உன் பேட்டியில நீயே சொன்னியேம்மா. குங்குமம் வச்சுச் சிரிக்க வச்சுட்டாங்கன்னு. அதோட கழிஞ்சுபோச்சு."

கவிப்ரியா உடனே சம்மதித்துவிட்டாள். பாக்கியத்துக்குச் சுருக்கென்றது. இவளும் அந்தப் பக்கம் போய்விட்டாளா என்று ஒரு நினைப்பு வந்து, அதை நினைத்ததற்காக வெட்கமும் வந்தது. சம்மதம் கேட்பதற்கு முன்பே அச்சடித்துக் கமலவேணி கையோடு கொண்டுவந்திருந்த கல்யாணப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தாள். மாங்கல்யத் தட்டு ஏந்துபவர் என்று தனி வரி போட்டு, தங்க எழுத்தில், திரைப்பட நடிகை கவிப்ரியா, அமரர் ரஞ்சன் அவர்களின் மகள் என்று அச்சிட்டிருந்தார்கள். செத்துப்போன ரஞ்சனுக்குப் பத்திரிகையில் இடமிருந்தது. உயிரோடு இருந்து பஸ் ஓட்டிப் பெண்ணை வளர்த்தவளுக்கு ஓர் எழுத்து இல்லை. கமலவேணி போகும்போது, "பாக்கியம், நீ சாப்பாட்டுப் பக்கம் பார்த்துக்கிட்டா எனக்கு நிம்மதி" என்றாள். "சரி அண்ணி" என்றாள் பாக்கியம்.

டோபி காட் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். அறுநூறு பேர் என்றால், அறுநூறு போனும் மணவறையைப் பார்க்காமல் கவிப்ரியாவைப் பார்த்தன. நாதஸ்வரக்காரரே ஒரு கண்ணை அவள்மேல் வைத்துக்கொண்டுதான் வாசித்தார். பாக்கியம் வெளிர்நீலப் புடவையில், வெறும் நெற்றியோடு, சாப்பாட்டுக்கூடத்துக் கதவோரம் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பாயசம் கொதிக்கிறதா என்று எழுந்து பார்க்க வசதியான இடம்.

ஐயர் தேங்காய்மேல் தாலியை வைத்து, அட்சதை தூவி, தட்டைக் கவிப்ரியாவிடம் கொடுத்தார். அவள் மணப்பெண்ணின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். தலையைக் குனிந்தபடியே ரோஷினி, "சீக்கிரம் போ லா, நல்ல நேரம் போயிரும்" என்றது மைக்கில் லேசாக விழுந்தது. இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஏற்பாடு என்று பாக்கியத்துக்கு அப்போதும் புரியவில்லை.

கவிப்ரியா மேடையிறங்கினாள். முன்வரிசையில் சம்பந்தியம்மா சரிகைக் கரையை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். அவள் அவரைப் பார்த்து அழகாகச் சிரித்துவிட்டு அவரைக் கடந்தாள். இரண்டாம் வரிசை, பத்தாம் வரிசை, இருபதாம் வரிசை. போன்கள் சூரியகாந்திப் பூப்போல அவள் கூடவே திரும்பின. பாக்கியம் தன் பின்னால் யாரோ முக்கியமானவர் வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"அம்மா, தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க. நீங்கதான் முதல்ல."

பாக்கியத்தின் கைகள் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டன. பயம். நிஜமான பயம். நாளைக்கு அந்தப் பையனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இந்தக் கையைத்தான் சொல்வார்கள், சாகும்வரை சொல்வார்கள். வேண்டாம் என்று தலையாட்டினாள். கவிப்ரியா நகரவில்லை. நடிகையின் முகம் இல்லை அது. வளையல் கழற்றிய அன்று கதவிடுக்கில் நின்றிருக்கக்கூடிய முகம். மேடையில் ரோஷினி தலையை நன்றாகவே நிமிர்த்தி இந்தப் பக்கம் பார்த்தாள். காத்திருந்தாள்.

பாக்கியம் எழுந்து நின்றாள். இரண்டு கையாலும் தாலியைத் தொட்டாள். நூறு வருஷம் என்று சொல்வதுதான் வழக்கம். அவளுக்கு மனசில் வந்தது வேறு. உங்கள் இரண்டு பேரில் யார் முன்னால் போனாலும், மிஞ்சுகிறவர் முன்வரிசையிலேயே உட்கார வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். இதை வாய்விட்டுச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்பதால் உதட்டை மட்டும் அசைத்தாள். கவிப்ரியா அட்சதையை அள்ளி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, தட்டோடு வந்த வழியே திரும்பி, ஒவ்வொரு வரிசையாக ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டே மேடைக்குப் போனாள். மேளம் கொட்டியது. தாலி ஏறியது. பாக்கியம் தூவிய அட்சதை பாதித் தூரம்கூடப் போகவில்லை, முன்னால் இருந்த சீன விருந்தாளி ஒருவரின் வழுக்கையில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்து வாழ்த்துச் சொன்னார்.

பந்தி தொடங்கியபோது பாக்கியம் பாயச வாளிப் பக்கம் நின்றாள். இப்போது வருவார்கள், கேட்பார்கள் என்று தயாராகவே இருந்தாள். வந்தவர் சம்பந்தியம்மாதான். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு, கையில் போன். நிச்சயதார்த்தத்தில் பாக்கியம் உள்ளறையில் இருந்ததால் அவர் அவளை முன்பின் பார்த்ததே கிடையாது.

"என்னமா செஞ்சீங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு" என்றார். "யாரு இந்த அம்மா, வெறும் நெத்தியோட தாலியைத் தொடறாங்களேன்னு பகீர்னு எழுந்துட்டேன். ரோஷினி அம்மாதான் கையைப் பிடிச்சு உக்கார வச்சாங்க. கவியோட புதுப் படத்துக்கு ஷூட்டிங் எடுக்கறாங்க, நீங்க அதுல விதவையா நடிக்கற ஆர்ட்டிஸ்ட்னு சொன்னாங்க. நடிப்புதானே, அதுல என்ன தோஷம் இருக்கு?"

பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். பந்தியின் மறுகோடியில் கமலவேணி அப்பளக் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாலேயே அவளிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். இந்தக் குடும்பத்தில் நடிப்பு யார் வழியாக வந்தது என்று பாக்கியத்துக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொய்த் தாலியை நிஜமென்று பயந்த அம்மாள், இன்று நிஜத்தைப் பொய்யென்று நம்பி நிம்மதியாக எதிரே நின்றார். ஒரு தலையாட்டல் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும்.

"அப்படியே நெசம் மாதிரியே இருந்துச்சு. ஒரு செல்ஃபி எடுத்துக்கறேன். படம் எப்ப வருது?"

"நான் ஆர்ட்டிஸ்ட் இல்லம்மா. கவியோட அம்மா" என்றாள் பாக்கியம். "படம் பதினோரு வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. நீங்க இன்னிக்குத்தான் பார்த்திருக்கீங்க."

சொல்லிவிட்டு, நீட்டிய போனில் இரண்டு முகமும் சரியாக விழும்படி அவள் கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டாள்.